தூக்கிப் பார்த்து வாங்குங்கள்: பயண ஸ்ட்ரோலர் பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்குகிறது, கைக்குழந்தையோடு வெளியூர் போவது பற்றிக் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அவற்றில் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் மடக்கு வண்டி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு ஒன்றேகால் வயது, பத்து கிலோ இருப்பாள். ஏப்ரலில் சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் பின்னால்தான் வருவார், போகும்போது நானும் குழந்தையும் மட்டும்தான். வீட்டில் இருக்கும் பிராம் ரொம்பப் பெரியது. ஆன்லைனில் பார்த்தால் "கேபின் சைஸ்", "அல்ட்ரா லைட்" என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கோவை

தனியாகப் போகிறீர்கள் இல்லையா, அதிலிருந்தே தொடங்கலாம். ஸ்ட்ரோலர் வாங்கும்போது எல்லோரும் அதைத் தள்ளிப் பார்க்கிறார்கள். கடையின் டைல்ஸ் தரையில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு போகும், அதில் ஒன்றும் தெரியாது. பயணத்தில் உங்களைப் படுத்தப்போவது வண்டியைத் தூக்க வேண்டிய இடங்கள்தான்: டாக்ஸி டிக்கி, செக்யூரிட்டி சோதனை, விமானத்துக்கு ஏறும் படி, பஸ். அதனால் கடைக்குப் போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் உங்கள் பையையும் மாட்டிக்கொண்டு, ஒரே கையால் வண்டியை மடக்கித் தூக்கிக்கொண்டு ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மடக்குவதற்கு இரண்டு கையும் ஒரு காலும் தேவைப்படுகிற வண்டி என்றால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தனியாகப் போகிற தாய்க்கு அது உதவாது.

செக்யூரிட்டியில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குழந்தையை வண்டியிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், வண்டியை மடக்கி எக்ஸ்ரே பெல்ட்டில் போடச் சொல்வார்கள், உங்கள் பை, போன், வாட்ச் எல்லாம் தனித்தனி டிரேயில் போகும், பின்னால் வரிசை நிற்கும். உதவி கேட்டால் யாராவது பிடித்துத்தான் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனாலும் அந்த நேரத்தில் குழந்தையைத் தரையில் விடாமல் வண்டியை மடக்க முடிய வேண்டும். இதை வீட்டில் பழகிக்கொண்டு போவது நல்லது. மடக்கிய வண்டி தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகள் சுவரில் சாய்த்தால்தான் நிற்கும், பொது இடத்தில் அது பெரிய தொந்தரவு.

இனி "கேபின் சைஸ்" சமாச்சாரம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா கைப்பெட்டிக்கு வழிகாட்டுதலாகச் சொல்லும் அளவு 56 × 45 × 25 செ.மீ. பெட்டியில் "கேபின் சைஸ்" என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பிரபலமான பேபிசென் யோயோ மடக்கினால் 52 × 44 × 18 செ.மீ., எடை ஆறு கிலோ சொச்சம், அதாவது அயாட்டா அளவுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் 55 × 35 × 25 தான் எங்கள் அளவு என்று வைத்திருக்கும் விமான நிறுவனங்களும் உண்டு, அங்கே இதே வண்டியின் 44 செ.மீ. பக்கம் இடிக்கும். அதோடு கைப்பெட்டி 7 கிலோ என்று வரம்பு இருந்தால், வண்டியே ஆறு கிலோ என்றால் டயப்பர் பை எந்தக் கணக்கில் போகும்? நீங்கள் டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் அளவை டேப் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு சரியாக இருந்தாலும் விமானம் நிறைந்திருந்தால் கீழே கொடுக்கச் சொல்லலாம், அது அவர்கள் முடிவு.

உண்மையில் உங்களுக்குக் கேபினுக்குள் கொண்டுபோவது அவசியமே இல்லை. கைக்குழந்தையோடு போனால் மடக்கும் ஸ்ட்ரோலர் ஒன்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. செக்-இன் கவுன்டரிலேயே டேக் வாங்கிக் கட்டிக்கொண்டு, விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே மடக்கிக் கொடுத்துவிடலாம். இறங்கும்போது வாசலிலேயே தருவார்களா, பெட்டிகள் வரும் பெல்ட்டில்தான் வருமா என்பது ஊருக்கு ஊர், விமானத்துக்கு விமானம் மாறும், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டில்தான் வரும் என்றாலும் பதற வேண்டாம், சாங்கி விமான நிலையத்தில் டெர்மினலுக்குள் இலவசமாகவே ஸ்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள். வழியில் துபாய் மாதிரி ஊர்களில் இறங்கி ஏறுகிறவர்களுக்கும் இதே வசதி உண்டு.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு உங்களுக்குக் கவலை இல்லை. எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது (எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறாதீர்கள், அது கூடாது). பஸ்ஸிலும் முன்பு மடக்கித்தான் ஏற வேண்டும் என்று இருந்தது, 2017 முதல் குழந்தையோடு விரித்தபடியே ஏறலாம், பிரேக் போட்டு நிறுத்தி, பெல்ட் மாட்டி, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். லிட்டில் இந்தியாவில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை மட்டம் மாறும், ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டியிருக்கும், போதாததற்குக் காய்கறிக் கூடையும் பூமாலைக் கடையும் வழியை அடைத்திருக்கும். அங்கேதான் குறுகலான, முன்சக்கரத்தைச் சட்டென்று தூக்கி ஏற்றக்கூடிய வண்டியின் அருமை தெரியும்.

ஆக, ஆறு ஆறரை கிலோவுக்குள், ஒரு கையால் மடங்குகிற, மடக்கினால் கைப்பெட்டி மாதிரி ஆகிற மூன்று மடிப்பு வண்டி. அதைவிடச் சின்னதும் இருக்கிறது. ஜிபி நிறுவனத்தின் பாக்கிட் மடக்கினால் 30 × 18 × 35 செ.மீ.தான், 2014ல் அதற்குக் கின்னஸ் சாதனை கொடுத்தார்கள், எடையும் நாலேகால் கிலோ சுமார். படித்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முதல் மாடலில் முதுகு சாயாது. மதியம் தூங்குகிற வயதுக் குழந்தையை நிமிர்ந்த சீட்டில் உட்கார வைத்து நாள் முழுக்க ஊர் சுற்ற முடியாது, தலை தொங்கிப்போகும். எடையில் ஏறக்குறைய இரண்டு கிலோவை மிச்சம் பிடித்துக் குழந்தையின் தூக்கத்தை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதுரையில் இருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அடிக்கடி போய்வருகிறோம், நடுவில் கோயில்களுக்கும் போவோம். பேரனுக்கு இரண்டு வயது. மருமகள் ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்கிறாள், "நம்ம ஊர் ரோட்டுல அதெல்லாம் ஓடுமா, இடுப்புல தூக்கிட்டுப் போனாப் போதாதா" என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகி, மதுரை

அம்மா, கோயில் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி, மற்ற இடங்களில் மருமகள் பக்கம்தான் நான்.

கோயிலில் வண்டியை நம்பிப் பயனில்லை. உயரமான வாசற்படிகள், கருங்கல் தளம், கூட்டம். உங்கள் ஊர் மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனையே வெளியில் வைத்துவிட்டுத்தான் போகச் சொல்கிறார்கள். ராமேஸ்வரம் போனால் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்களின் ஈரம் பிராகாரம் முழுக்க இருக்கும், அங்கே சக்கரத்தை உருட்டுவதைவிட நிதானமாகக் கால் ஊன்றி நடப்பது மேல். பழனியில் படியேறினாலும் சரி, விஞ்சிலோ ரோப் காரிலோ போனாலும் சரி, வண்டி அடிவாரத்தில்தான். இந்த மாதிரி நாட்களுக்கு உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பையன் பன்னிரண்டு கிலோ இருப்பான், அவனை இடுப்பிலேயே வைத்திருந்தால் உங்கள் முதுகு என்ன ஆவது? கேரியர் அந்தப் பாரத்தை இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பிரித்துக் கொடுக்கும்.

ரயிலுக்கு வருகிறேன். வண்டியைப் பெட்டிக்குள் விரித்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், ஸ்லீப்பரோ ஏசியோ, நடுவழி அதற்குப் போதாது. பிளாட்பாரத்திலேயே குழந்தையை எடுத்து, மடக்கி, ஒருவர் குழந்தையோடு முன்னால் ஏற வேண்டும், வண்டி பின்னால் வர வேண்டும். லோயர் பெர்த்துக்கு அடியில் மூன்று மடிப்பு வண்டி சூட்கேஸ் மாதிரி நுழைந்துவிடும். குடை மாதிரி நீளமாக மடங்குகிற வண்டி ஒரு மீட்டர் நீளம் இருக்கும், அதையும் படுக்க வைத்துத் தள்ளிவிடலாம், ஆனால் எதிரில் இருப்பவர்கள் பெட்டி வைப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் பிளாட்பார அழுக்கெல்லாம் இருக்கும், ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி வையுங்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. வண்டியைத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிறுத்தாதீர்கள், தண்டவாளத்துக்கு இணையாக, பக்கவாட்டில் நிறுத்துங்கள், இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரேக் போடுங்கள், கையையும் எடுக்காதீர்கள். பிளாட்பாரச் சரிவிலோ ரயில் வரும் காற்றிலோ லேசான வண்டி உருள ஆரம்பித்தால் பிடிப்பதற்கு நேரம் இருக்காது. கனமான பழைய பிராமைவிட இந்தச் சின்ன வண்டிகளில்தான் இந்த ஜாக்கிரதை அதிகம் வேண்டும்.

ரோட்டில் ஓடுமா என்றால், தெருவைப் பொறுத்தது. சாக்கடை மூடி தூக்கிக்கொண்டிருக்கிற, பைக் நிறுத்தியிருக்கிற நடைபாதையில் ஓடாது. ஆனால் சென்னை மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, அங்கே சுகமாகப் போகலாம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பேரனைக் கூட்டிப் போனால் உள்ளே நடக்க வேண்டிய தூரம் கொஞ்சநஞ்சமல்ல, பாதையும் நன்றாக இருக்கிறது, அன்றைக்கு மருமகளை நீங்களே பாராட்டுவீர்கள். மெரினா மணலில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம், சின்னச் சக்கரம் இரண்டடிகூடப் போகாது, புதைந்துவிடும்.

4,000 ரூபாய்க்கும் வண்டி இருக்கிறது, 40,000 ரூபாய்க்கும் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பணம் எதற்குப் போகிறது? விலை குறைந்ததை வாங்கினால் ஆபத்தா?
– வாசகர், திருச்சி

பணம் போகிற இடம் மூன்று: மடிப்பு மூட்டு, சக்கரம், பெயர். மூன்றாவதற்கு நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேசான மடக்கு வண்டி என்ற யோசனையே ஒரு விமானப் பொறியாளரிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர், ஓய்வுபெற்ற பிறகு, பேத்தியை வைத்துத் தள்ளும் வண்டி இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று யோசித்து, 1965ல் அலுமினியக் குழாய்களால் குடை போல மடங்கும் வண்டியைச் செய்தார். மூன்று கிலோகூட இல்லை. விமானச் சக்கரம் உள்ளே மடங்கி வெளியே வருகிற அதே மாதிரி அறிவுதான், சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மூட்டில் திரும்பும். இன்றைக்கு இருக்கிற எல்லா லேசான வண்டிக்கும் அதுதான் மூத்தது.

ஆனால் சட்டங்கள் கத்தரி போல வெட்டிக்கொள்கிற அந்த இடம்தான் விரல் மாட்டுகிற இடமும். 2009ல் அமெரிக்காவில் அதே மெக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு கொடுக்க வேண்டி வந்தது, வண்டியை விரிக்கும்போது மூட்டில் கைவைத்த குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்கள் பன்னிரண்டு பதிவாகியிருந்தன. மூட்டை மூடுவதற்கு உறை கொடுத்தார்கள். அது பெயர் பெற்ற, விலை உயர்ந்த கம்பெனி. ஆகவே விலையைப் பார்க்காதீர்கள், மூட்டைப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள், இடுக்கு திறந்து கிடக்கிறதா, மூடியிருக்கிறதா என்று. எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தை உதவி செய்கிறேன் என்று கட்டாயம் ஓடிவரும், யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். விரித்த பிறகு பூட்டு விழுந்த "டக்" சத்தம் கேட்டதா என்று பார்த்து, கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள்.

அடுத்து சக்கரம். விலை குறைந்த வண்டியில் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரமாக இருக்கும், கல் தரையில் கடகடவென்று ஆடி, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடும். ரப்பர் மாதிரி மெத்தென்ற சக்கரமும், முன்சக்கரத்தில் ஸ்பிரிங்கும் இருந்தால் நல்லது. குழந்தையை உட்கார வைத்து ஒரே கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள், வெறும் வண்டி எல்லாமே நன்றாகத் திரும்பும். மாற்றுச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், முதலில் போவது அதுதான்.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக, அதாவது இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டியில் இஎன் 1888 என்ற ஐரோப்பியத் தர எண் அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்833 என்ற அமெரிக்கத் தர எண் போட்டிருந்தால் நல்லது. லவ்லேப், ஆர் ஃபார் ராபிட் போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இப்போது மூன்று மடிப்பு வண்டி விற்கின்றன, மேலே சொன்னதெல்லாம் தேறினால் தாராளமாக வாங்கலாம். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவர் 40,000 போட வேண்டிய அவசியமே இல்லை. தினமும் மெட்ரோ, பஸ் என்று ஓடுகிற ஊரில் குடியிருப்பவருக்குக் கணக்கு வேறு.

இன்னொன்று. வண்டி லேசாக இருப்பதால் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, குழந்தையைத் தூக்கின அடுத்த நொடி வண்டி பின்பக்கம் மல்லாக்க விழும். குழந்தை கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும், அதோடு சேர்ந்தே விழும். பையைக் கீழே இருக்கிற கூடையில் வையுங்கள், கூடை சின்னது என்றால் தோளில் போடுங்கள்.

மகனுக்கு நான்கு மாதம். அடுத்த மாதம் என் அம்மா வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகிறோம். இந்த லேசான வண்டியில் உட்கார வைக்கலாமா?
– வாசகி, சென்னை

வேண்டாம். இந்த வகையில் பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு மேல்தான், பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். தலை நிற்காத குழந்தையைத் தொட்டில் போலக் குழிந்த துணி சீட்டில் வைத்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குச் சிரமமாகும். கிட்டத்தட்ட தட்டையாகப் படுக்க வைக்கக்கூடிய, பிறந்த குழந்தைக்கும் பொருந்தும் என்று தெளிவாகப் போட்டிருக்கிற மாடல் என்றால் மட்டும் சரி. ஐந்து மாதத்துக் குழந்தைக்குக் கேரியரே நல்ல துணை. முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்க வேண்டும், தொடை விரிந்து முழங்கால் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அம்மா வீட்டுக்குத்தானே போகிறீர்கள், அங்கே கீழே வைக்கவே விடமாட்டார்கள். வண்டியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் படாமல் இருக்க வண்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடுவது என் வழக்கம். என் தோழி கூடாது என்கிறாள். ஏன்?
– வாசகி, வேலூர்

தோழி சொல்வதைக் கேளுங்கள். முழுக்க மூடினால் உள்ளே காற்று ஓடாது, குழந்தையின் உடம்புச் சூடும் வெயில் சூடும் உள்ளேயே தங்கிவிடும். மெல்லிய துணிதானே என்று தோன்றும், ஆனால் உங்கள் ஊர் மே மாத வெயிலில் அது போதும் குழந்தை துவண்டுபோக. மூடியிருப்பதால் முகம் சிவந்திருப்பதும் உங்கள் கண்ணில் படாது. நீளமாக இறங்குகிற கூரையும், முதுகுப் பக்கம் வலைத்துணியும் உள்ள வண்டியாக வாங்குங்கள், கொசுவலை போடலாம், மழைக்குப் பிளாஸ்டிக் உறை என்றால் மழை விட்டதும் எடுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியின் பக்கிளைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டாதீர்கள், தொடையில் சுட்டுவிடும்.

எனக்கு ஆறடி உயரம். கடையில் பார்த்த சின்ன வண்டிகளை எல்லாம் குனிந்துதான் தள்ள வேண்டியிருக்கிறது.
– வாசகர், சேலம்

கைப்பிடி உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதாகத் தேடுங்கள், சிலவற்றில் இழுத்து நீட்டும் வசதியும் உண்டு. பின்சக்கரத்தில் கால் இடிக்கிறதா என்று பத்தடி வேகமாக நடந்து பாருங்கள், உயரமானவர்களுக்கு அதுதான் முதல் தொல்லை. சேலத்திலிருந்து ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் மேல் அலமாரி சிறியது, "கேபின் சைஸ்" வண்டியையும் படிக்கட்டுப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம், அதனால் உள்ளே வைக்கும் பாக்கியத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

போன முறை வெளிநாட்டிலிருந்து வரும்போது விமானத்தில் கொடுத்த வண்டி ஒரு சக்கரம் உடைந்து வந்தது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தோம், ஒன்றும் செய்ய முடியவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பெல்ட்டிலிருந்து எடுத்த உடனே, அங்கேயே விரித்து நான்கு சக்கரத்தையும் உருட்டிப் பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வராதீர்கள். அந்த ஹாலிலேயே விமான நிறுவனத்தின் பேகேஜ் கவுன்டர் இருக்கும், பிஐஆர் என்ற புகார்ப் படிவத்தை எழுதி நகல் வாங்குங்கள், டேக்கையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள், போட்டோ எடுங்கள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்றாலும் எல்லாம் போய்விடவில்லை. சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஒப்படைத்த சாமான் சேதமானால் கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மெயிலில் அனுப்புங்கள், போனில் சொன்னால் அத்தாட்சி இருக்காது.

அடுத்த முறை கொடுப்பதற்கு முன் கழற்ற முடிகிறதையெல்லாம், கப் வைக்கும் வளையம், முன்பக்கக் கம்பி, பொம்மை என்று எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டு, மடக்கிய வண்டி விரியாமல் இருக்க ஒரு பட்டை போட்டுக் கட்டி, உறைக்குள் போட்டுக் கொடுங்கள். உறை மேல் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். வாசலில் கொடுக்கும் முன் விரித்த நிலையில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், முன்பே உடைந்திருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.